டெம்போ அக்காவின் ஒரு டம்ளர் ஆயில்

செத்துப்போன புருஷனை எஞ்சின் ஆயிலில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த பெண்மணி இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சாங்வி டெம்போ அக்கா. உங்கள் ஊரில் அப்படி இன்னொருவர் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதிப் போடாதீர்கள். ஒருவரோடு பழகியதிலேயே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அக்காவின் நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. புனேயில் சின்னச் சரக்கு வண்டி எதுவானாலும் அதற்குப் பெயர் டெம்போ. அக்காவுடையது ஒரு வெள்ளை பிக்கப். பின்னால் மூடி போட்ட வாளிகளில் இட்லி மாவு. சாங்வியில் விடிந்ததும் கிளம்பினால் ஒருநாள் நிக்டி, மறுநாள் மகர்பட்டா என்று தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற பக்கமெல்லாம் போய்வருவார். மராத்திப் பிள்ளைகள் 'இட்லி மாவ்ஷி', அதாவது இட்லிச் சித்தி, என்று பின்னாலேயே ஓடிவரும். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். புனேக்கு வந்து எத்தனையோ காலமாகியும் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவே இல்லை.

புனே குளிரில் மாவு புளிக்காது. இங்கே குடிவந்த எந்தத் தமிழனும் முதல் டிசம்பரிலேயே இதைத் தெரிந்துகொள்வான், தட்டில் விழுகிற வறட்டியைப் பார்த்து. அக்கா மாவு மட்டும் எந்தக் குளிரிலும் பொங்கும். பழைய மாவில் ஒரு கரண்டியை எப்போதும் எடுத்து வைத்துக்கொண்டு புதுசில் கலந்துவிடுவார். அவ்வளவுதான் ரகசியம். இதில் ஒரு தப்பும் இல்லை. இதே முறையை வண்டிக்கும் கொண்டுபோனார் பாருங்கள், அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

டெம்போவை வாங்கியது அக்காவின் வீட்டுக்காரர். பழைய வண்டி. வாங்கிய அன்றே உள்ளே இருந்த ஆயிலையெல்லாம் இறக்கிவிட்டு, தன் கையாலேயே புது ஆயில் ஊற்றியிருக்கிறார். கொஞ்ச காலம்தான் ஓட்டினார். ஒரு மழைக்காலத்தில் இருமல் பிடித்தது, நெஞ்சுக்குள் இறங்கியது, ஆள் போய்ச்சேர்ந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்த்திராத அக்கா, சாப்பாட்டுக்கு வேறு வழியில்லாமல் வண்டி ஓட்டப் பழகினார். அதற்குப் பிறகு முதல் தடவையாக ஆயில் மாற்றும் நாள் வந்தது. மெக்கானிக் தத்தா பாவு அடியில் நட்டைக் கழற்றி கறுப்பு எண்ணெயை ஒழுகவிட்டதும், அக்கா அலறிக்கொண்டு ஓடிப்போய் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை நீட்டினாராம்.

அது வீட்டுக்காரர் ஊற்றிய எண்ணெய். அப்படியே சாக்கடைக்குப் போக விடுவதா? புது ஆயில் ஊற்றி முடித்ததும், பிடித்து வைத்த ஒரு டம்ளரை மேலாக ஊற்றி மூடினார் அக்கா. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படியே.

"மாவுக்கு ஒரு கரண்டி போதும்லா தம்பி? அவியளுக்கு ஒரு டம்ளர் போதும். முழுசும் அவியளா ஆயிருவாவ" என்று என்னிடம் அக்கா விளக்கினார். காலை வெயிலில் நின்றுகொண்டுதான் சொன்னார். எனக்கு முதுகில் சில்லென்றது.

அந்த மாதிரி பிக்கப்பில் எஞ்சின் முன்னால் இருக்காது, சீட்டுக்கு அடியில் இருக்கும். தினமும் காலையில் அக்கா சீட்டைத் தூக்குவார், போர்வையை விலக்கி ஆளை எழுப்புகிற மாதிரி. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, நுனியை விரலால் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். சில நாள் முகம் சுருங்கும். "இன்னைக்கு நிக்டிக்கு வேண்டாங்காவ" என்று அறிவித்துவிட்டு வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுவார். நிக்டிக் குடும்பங்களுக்கு அன்றைக்கு உப்புமாதான். சாயங்காலம் நான் வேலை மெனக்கெட்டு நிக்டியில் என்ன நடந்தது என்று விசாரித்துப் பார்ப்பேன். ஒன்றும் நடந்திருக்காது. அதைச் சொன்னால் அக்காவுக்குத் திருப்தியாக இருக்கும். போகவில்லை, அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை என்பார். நான் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன். அடுத்த தடவையும் போய் விசாரிப்பேன்.

என் மனைவியின் கவலை வேறு. எண்ணெய் பிடிக்கிற டம்ளரும் மாவு அளக்கிற டம்ளரும் ஒன்றுதானோ என்று அவளுக்குப் பல நாள் சந்தேகம். ஒருநாள் வாசலில் வைத்துக் கேட்டே விட்டாள். அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

"தனித்தனிதாம்மா. அவியளுக்கு மாவு ஒத்துக்கிடாது" என்றார்.

ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்து டெம்போவைக் கொடுத்து நிக்டிக்கு அனுப்பினார். நல்ல தைரியசாலி, மலைப்பாதையில் எல்லாம் லாரி ஓட்டினவன். மத்தியானம் அவன் பஸ்ஸில் திரும்பி வந்தான். சாவியை அக்கா கையில் கொடுத்தான். டெம்போ நிக்டியிலேயே நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து வடாபாவ் தின்றுகொண்டிருந்தானாம். சாவி சட்டைப்பையில். சீட்டுக்கு அடியில் யாரோ தொண்டையைச் செருமி இருமினார்களாம். வடாபாவைக்கூட அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

காய்ச்சலோடு அக்கா வண்டியை எடுக்கக் கிளம்பினார். தனியாக விட மனசில்லாமல் நானும் ஆட்டோவில் கூடப் போனேன். ஒரு வேப்ப மரத்தடியில் டெம்போ சமர்த்தாக நின்றிருந்தது. கதவைத் திறந்து நான் தொப்பென்று உட்காரப் போனதும் அக்கா கையைப் பிடித்தார்.

"மெதுவா உக்காருங்க தம்பி. கீழ அவிய இருக்காவ."

மெதுவாக உட்கார்ந்தேன். சீட் இதமாக, வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து நிழலில் நிற்கிற வண்டி. எஞ்சின் ஆறி எவ்வளவோ நேரமாகியிருக்க வேண்டும். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், சாவி அவர் கையில்தான். அப்போது எனக்குக் கீழே ஓர் இருமல் கேட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பக்கத்து அறையில் படுத்திருக்கிற மனுஷர், தான் விழித்திருப்பதைத் தெரிவிக்க இருமுவாரே, அந்த இருமல். இரும்பு சுருங்குகிற சத்தம் என்று எனக்கு நானே வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டேன். சீட்டில் மட்டும் முழுப் பாரத்தையும் போட்டு உட்காரவில்லை.

அந்த வருஷ மழைக்காலம் முழுக்க இருமல் அதிகமாகிக்கொண்டே போனது. தெருமுனையில் டெம்போ திரும்பும்போதே எங்கள் சமையலறைக்குக் கேட்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்து எரிந்து அணைந்தது. தத்தா பாவு திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் கசடு, இப்படியே ஓட்டினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும், அப்புறம் காயலான் கடைதான் என்று சொல்லிவிட்டார். உள்ளே சுத்தமாகக் கழுவி, புதுசாக ஊற்ற வேண்டும். சாதா ஆயிலா, பாதிப் பாதியா, முழு சிந்தெடிக்கா என்பதை அக்காவே தீர்மானிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். தெருவில் எனக்கு அப்படி ஒரு பெயர். விளக்குமாறு வாங்குவதென்றாலும் நெட்டில் பத்துப் பேர் கருத்தைப் படிக்காமல் வாங்க மாட்டேன். எஞ்சின் ஆயில் என்றதும் எனக்குக் குஷி பிறந்துவிட்டது. சோபா நுனியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பாடமே எடுத்தேன். கேனில் முதலில் போட்டிருக்கிற எண் சின்னதாக இருந்தால் குளிரில் சீக்கிரம் ஓடும். சிந்தெடிக் சூட்டில் சட்டென்று நீர்த்துப் போகாது, கசடும் குறைவு. வீட்டுக்கு வீடு நிறுத்தி நிறுத்தி, பாரத்தோடு ஓடுகிற வண்டிக்கு அதுதான் நல்லது. ஆனால் வண்டிப் புத்தகத்தில் எந்த எண் சொல்லியிருக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது. டாக்டர் பேச்சைக் கேட்பது மாதிரி அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி தம்பி. இந்த சிந்தெடிக்குல அவிய ஒரு டம்ளர் கலந்துக்கிடுவாவளா?"

கலக்கும் என்பதுதான் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வண்டியைக் கெடுப்பதே அந்தக் கறுப்பு டம்ளர்தானே? ஒவ்வொரு தடவையும் புது எண்ணெயில் பழைய அழுக்கைப் புகுத்திக்கொண்டிருந்தால் எந்த எஞ்சின் தாங்கும்? லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னேன்.

"கலக்கும்க்கா. ஆனா அந்த டம்ளர்தான் வண்டியக் கொல்லுது. இந்தத் தடவை ஒரு சொட்டுகூட விடக் கூடாது."

சமையலறையில் என் மனைவியின் மிக்ஸி நின்றது. அக்கா தலையை ஆட்டினார்.

"தெரியும் தம்பி. இந்த இருமல் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில கெடக்கையில இதே மாதிரிதான் இருமுனாவ. என்னைய விட்ருட்டின்னு கையெடுத்துக் கும்பிட்டாவ. நாந்தான் விட மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்." எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "டெம்போ நின்னா என் சோறு போச்சு, அது வேற. அவிய மறுபடியும் இருமக் கூடாது. எந்தக் கேனுன்னு நீங்களே வந்து சொல்லுங்க."

சனிக்கிழமை காலையில் தத்தா பாவு கேரேஜுக்குப் போனோம். வண்டிப் புத்தகத்தைப் பார்த்து, அதில் சொன்ன எண்ணிலேயே முழு சிந்தெடிக் கேனை நான் எடுத்து வைத்தேன். எண்ணை மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. பாவு நட்டைக் கழற்றினார். எண்ணெய் ஒழுகவில்லை, மாவு மாதிரி கெட்டியாக இறங்கியது. அக்கா பழக்கதோஷத்தில் டம்ளரை எடுத்து வந்திருந்தார். குனிந்து அடியில் நீட்டினார். விளிம்பில் ஒரு சொட்டு விழுவதற்குள் கையை இழுத்துக்கொண்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கேரேஜ் சுவரில் இருந்த டயர் விளம்பரத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டு நின்றேன்.

கழுவுகிற எண்ணெயை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார் பாவு. எஞ்சின் விடாமல் இருமியது, இரக்கமே வருகிற மாதிரி. நிறுத்திவிட்டு மறுபடி நட்டைக் கழற்றியபோது உள்ளேயிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. அடைத்திருந்த காற்று வெளியே வரும்தான். ஆனால் எத்தனையோ எஞ்சினைப் பிரித்துப் போட்ட தத்தா பாவு இரண்டு எட்டு பின்னால் போய், காதைத் தொட்டு ராம ராம என்றார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தெளிவாக வந்தது. புது ஆயில் நல்லெண்ணெய் நிறத்தில் உள்ளே போனது. சாவியைத் திருப்பினார். வண்டி ஓடுகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

புது வண்டி மாதிரி ஆகிவிட்டது என்று பாவு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வீடு வரும்வரை எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் இல்லை. எனக்கு அந்த இருமலைவிட இந்த அமைதிதான் அதிக பயமாக இருந்தது. யாருமே இல்லாத வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது அந்த வண்டிக்குள். இறங்கும்போது சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணமாக, எந்த வண்டிச் சீட்டும் சுடுவதுபோலச் சுட்டது.

மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழு மாவு கேட்டுக் கொந்தளித்தது. பேசாமல் இருந்திருக்கக் கூடாதா என்று என் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பார்வையாலேயே கேட்டாள். ஒரு மனுஷியின் புருஷனை நெட்டில் படித்துக் கொன்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அக்கா நின்றார். டெம்போ வந்த சத்தமே கேட்கவில்லை. கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"இருமல் நின்னுட்டு தம்பி" என்றார்.

வண்டிக்குத்தானே என்றேன்.

"அவியளுக்கு. போயிட்டாவன்னுதான் நெனச்சேன். படுத்துக் கெடந்து அழுதேன். இன்னைக்குக் காலையில சீட்டத் தூக்கிக் கம்பிய உருவிப் பாத்தா, தெளிஞ்ச மொகமா இருக்காவ. அவிய எங்கயும் போகல தம்பி. சீக்கு சரியாகித் தூங்குதாவ. வந்து கை வச்சுப் பாருங்க."

பழையது ஒரு சொட்டுகூட உள்ளே இல்லை என்று எனக்குத் தெரியும். என் கண்ணால் பார்த்தேன். அதை விளக்கிச் சொல்ல என்னிடம் எல்லா வார்த்தையும் தயாராக இருந்தது. அதையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு, பின்னாலேயே போய் டெம்போ கதவைத் திறந்து, சீட்டில் உள்ளங்கையை வைத்தேன். எஞ்சின் ஓடவில்லை, சாவி அக்காவின் விரலில் தொங்கியது. என் கைக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷியை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு, டெம்போ கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன்.