ஒரு திருகாணிகூட மாற்றாத கார்

"வண்டி அருமையா ஓடுது மாமா" என்று மாப்பிள்ளை போனில் சொன்னபோது வண்டியில் இன்ஜின் இல்லை. அது நாலடி தள்ளி, பட்டறைத் தரையில் ஒரு சாக்கின் மேல் படுத்திருந்தது. கியர்பாக்ஸ் அதன் பக்கத்தில் கிடந்தது. பிரேக்கைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டிருந்தார்கள்.

"அப்ப சரி. ஞாயித்துக்கிழமை நானும் உங்க அத்தையும் வர்றோம். நானே ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை கண்ணில் பட்ட முதல் பொருளின் மேல் உட்கார்ந்தார். அது பிரேக் வாளி. அன்று புதன்கிழமை.

மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பில் அவர் செருமினால் அறுபது பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மாமனார் வீட்டில் மட்டும் அவர் இன்னும் மாப்பிள்ளைதான், நாற்காலி நுனியில்தான் உட்காருவார். அப்படிப்பட்டவரை நம்பித்தான் மாமனார் முழங்கால் வலி வந்த பிறகு தன் காரைக் கொடுத்தார். கறுப்பு நிறம், உருண்டை விளக்குகள், வீட்டிலிருக்கும் எல்லோரையும்விட அதற்கு வயது அதிகம். மாமனாருக்கு அது அவருடைய மாமனார் கொடுத்தது. "ஒரு திருகாணிகூட மாத்தமாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்தேன். நாப்பது வருஷம் காப்பாத்தினேன்" என்று சொல்லாமல் அவர் ஒரு வேளை சாப்பிட்டது கிடையாது. அதே வாக்கை மாப்பிள்ளையிடமும் வாங்கிக்கொண்டுதான் சாவியை நீட்டினார். வாக்குத் தவறினால் கார் சகலை வீட்டுக்குப் போய்விடும். சகலை இப்போதே ஒரு ஷெட் கட்டி வைத்துக்கொண்டு, கார் வரும்வரை அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

வாக்கைக் காப்பாற்றத்தான் மாப்பிள்ளையும் நினைத்தார். ஆனால் அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். பிரேக்கை மூன்று முறை மிதிக்க வேண்டும். மூன்றாவது மிதியில்தான் அதற்கு நினைவு வரும். இரண்டு மாதத்துக்கு முன் மேட்டுத்தெரு இறக்கத்தில் மூன்றாவது மிதியிலும் நினைவு வரவில்லை. பேக்கரிப் படிக்கட்டில் மூக்கை வைத்தபடிதான் வண்டி நின்றது. மனைவி இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தார். மாப்பிள்ளை முதல் கியரில் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கெஞ்சிக்கொண்டே வீடுவரை வந்தார்.

"மிதிச்சா நிக்கிற வண்டியிலதான் இனிமே ஏறுவேன்" என்று வாசலில் சொன்னார் மனைவி.

அதற்குமுன் இரண்டு வருஷமாக, ஞாயிறு மாலைகளில் அவர்கள் இருவரும் எங்கேயும் போகாமல் சும்மா காரில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் பேசாததையெல்லாம் அந்த முன்சீட்டில்தான் பேசினார்கள். பக்கத்து சீட் காலியாக இருந்த நான்கு ஞாயிறுகளை மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை. ஐந்தாவது வாரம் மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக்குக்குத் தெருவில் 'அரைமணி' என்று பெயர். எந்த வேலையானாலும் அரைமணி நேரம்தான் என்பார். பின்பக்கம் நசுங்கிய ஒரு புதுக் கார் அவர் பட்டறையில் கிடந்தது. அதன் இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், பிரேக் எல்லாவற்றையும் தூக்கிப் பழைய காருக்குள் வைத்துவிடலாம், அரைமணி நேர வேலை என்றார். அது இப்போது மூன்றாவது வாரத்தில் இருந்தது. வீட்டில் ஆயில் மாற்றுவதாகச் சொல்லியிருந்தார் மாப்பிள்ளை. மனைவியிடம் உண்மையைச் சொல்ல வழியில்லை. அப்பாவிடம் எதையும் மறைக்கத் தெரியாதவர்.

பட்டறையில் இரண்டு சின்ன விஷயங்கள் நடந்திருந்தன. இன்ஜின் உட்காரும் இடத்தைப் பார்த்து, இங்கே ஏற்கெனவே யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்களே என்றார் அரைமணி. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்றார் மாப்பிள்ளை, ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவர்போல. பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சீப்பு, ஒரு குடைக் கைப்பிடி, கம்பி போட்டுக் கட்டிய ஒரு பால்பவுடர் டப்பா, அதற்குள் ஒரு பிடி போல்ட் எல்லாம் கிடைத்தன. மாமனார் எதையும் தூக்கிப்போட மாட்டார் என்று சிரித்துக்கொண்டார்கள். போல்ட்டுகள் நன்றாக இருந்ததால் புது இன்ஜினை இறுக்க அரைமணி அவற்றையே எடுத்து வைத்துக்கொண்டார்.

இப்போது போன் வந்துவிட்டது. பழசையே திருப்பி மாட்டிவிடச் சொன்னார் மாப்பிள்ளை.

"அது உக்கார்ற இடத்தை வெட்டியாச்சு சார். இனிமே அதை மடியில வச்சுக்கிட்டுத்தான் போகணும்" என்றார் அரைமணி.

மாப்பிள்ளை வாளியிலிருந்து எழுந்தார். கணக்கு வாத்தியாருக்கே உரிய தெளிவு அவருக்கு வந்தது. "அப்ப புதுசை மாட்டு. மாட்டிட்டு, அதைப் பழசு மாதிரி ஆக்கு."

வெள்ளிக்கிழமை வண்டி தயாரானது. அதில் ஒரே ஒரு குறைதான், குறையே இல்லை. சாவியைத் தொட்டதும் கிளம்பியது. ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. சத்தம் வேண்டும் என்பதற்காக அரைமணி சைலன்ஸரில் ஒரு துளை போட்டார். தெருக்கோடி வீட்டுக்காரர் மொட்டைமாடிக்கு ஓடிவந்து ஹெலிகாப்டரைத் தேடினார். துளையை முக்கால்வாசி அடைத்தார்கள்.

ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. அதைக் கனமாக்க, திருப்ப உதவிக்கொண்டிருந்த பெல்ட்டைக் கழற்றினார் அரைமணி. மாப்பிள்ளை ஒரு முனை திரும்பினார், தோள் பிசகிவிட்டது. பெல்ட்டைத் தளர்வாக மாட்டியதும் ஸ்டீயரிங் ஒரு நேரம் பஞ்சாகவும் ஒரு நேரம் பாறையாகவும் இருந்தது.

கியர்தான் பெரிய தலைவலி. பழைய வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு நீளக் கம்பி உண்டு. புதியது தானாகவே மாறுகிற கியர். ஆகவே பழைய கம்பியை எதனோடும் சேர்க்காமல் அப்படியே விட்டார்கள். வேலையில்லாமல் போன கிளட்ச் மிதி அழுத்தினால் எழும்ப, அதற்கு ஒரு கதவு ஸ்பிரிங்கைக் கொடுத்தார்கள். முன்னால் போ, பின்னால் போ என்று சொல்லும் உண்மையான பிடியைப் பக்கத்து சீட்டின் கால்பக்கம் ஒளித்து, அதன்மேல் ஒரு செய்தித்தாளைப் போர்த்தினார்கள்.

"அவர் ஓட்டுவார். நீங்க பேப்பர் படிப்பீங்க" என்றார் அரைமணி.

சனிக்கிழமை மறுபடி மாமனாரின் போன். "என் சீட்டுக்கு அடியில ஒரு கடகட சத்தம் கேக்குமே, இருக்கா? அது நின்னுச்சுன்னா யாரோ வண்டியில கை வச்சிட்டாங்கன்னு அர்த்தம்."

இருக்கிறது என்று சொல்லிவிட்டார் மாப்பிள்ளை. ஆனால் அந்தச் சத்தம் எப்படிப் போனது என்று இருவருக்கும் புரியவில்லை. சங்கிலியைக் கட்டிப் பார்த்தார்கள். ஜெயில் கதவு மாதிரி இருந்தது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து, ஒரு டிபன் பாக்ஸையும் பதினொரு ஸ்பூன்களையும் எடுத்து வந்தார். பன்னிரண்டாவதை விட்டுவைத்தது மனைவிமேல் இருந்த பிரியத்தால்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த ஒரே ஸ்பூன் நான்கு காபி டம்ளர்களுக்குள் முறைவைத்து இறங்கியது. பதினொரு ஸ்பூனைக் காணோம், வீட்டுக்குள் திருடன் வந்திருக்கிறான் என்று மனைவி அம்மாவிடம் முறையிட்டார். அத்தை காபியை ஊதிக் குடித்தபடி மாப்பிள்ளையை ஒரு முறை பார்த்தார்.

மாமனார் டிரைவர் சீட்டில் ஏறினார். பக்கத்தில் மாப்பிள்ளை, மடியில் செய்தித்தாள். பின்சீட்டில் அத்தையும் மனைவியும். அப்பா ஓட்டுகிறார் என்பதற்காகத்தான் மனைவி ஏறினார்; ஏறியதும் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மாமனார் கிளட்சை மிதித்தார், கதவு ஸ்பிரிங் கிறீச்சிட்டது. ரிவர்ஸ் போட்டார். மாப்பிள்ளை பதற்றத்தில் பிடியை முன்னால் தள்ளிவிட, வண்டி முன்னால் பாய்ந்து இரண்டு பூந்தொட்டிகளைச் சாய்த்தது.

"முரண்டு பிடிக்குது. அதே பழைய புத்தி" என்றார் மாமனார், பெருமையாக.

தெருவில் இறங்கியதும் மாமனார் பத்து வயது குறைந்தவர் ஆனார். முதல் கியர் போட்டார், இரண்டாவது போட்டார், மூன்றாவதற்குத் தோளைச் சாய்த்து ஒரு தனி இழுப்பு இழுத்தார். வண்டி அவரைக் கேட்காமல் அதன்பாட்டுக்குப் போனது. முனையில் பிரேக்கைப் பழக்கப்படி மூன்று முறை மிதித்தார். நான்கு தலைகளும் மூன்று முறை கும்பிட்டு நிமிர்ந்தன.

"பிரேக் நல்லாப் பிடிக்குதே மாப்பிள்ளை?"

"உங்க கால் பட்ட ராசி மாமா."

மாமனார் அதை மறுக்கவில்லை. சீட்டுக்கு அடியில் மட்டும் காதைக் கொடுத்து, சத்தம் கொஞ்சம் மெலிந்திருக்கிறதே என்றார். வயசாகிறது இல்லையா என்றார் மாப்பிள்ளை. வண்டிக்கா தனக்கா என்று மாமனார் கேட்கவில்லை.

மேட்டுத்தெரு வந்தது. வண்டி இறக்கத்தில் வேகம் எடுத்தது. பேக்கரிக்குச் சற்று முன்னால், தோளில் நீள ஏணியோடு ஒரு பெயிண்டர் ஆகாயத்தைப் பார்த்தபடி குறுக்கே வந்தார்.

மனைவி கண்ணை மூடினார். மாமனார் ஓங்கி மிதித்தார். இரண்டாவது மிதிக்கு வேலையே இருக்கவில்லை. ஏணிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி ஆணியடித்தது போல் நின்றது. பெயிண்டர் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டு கடந்து போனார்.

"மிதிச்ச உடனே நின்னுடுச்சு" என்றார் மனைவி. கைப்பிடியை விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார். இதற்காகத்தானே எல்லாம் என்று மாப்பிள்ளை பூரித்துப்போனார்.

அந்தச் சந்தோஷம் மூன்று வினாடி இருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து டிபன் பாக்ஸ் சறுக்கி வந்து, கிளட்ச் மிதியில் மோதி, வாயைத் திறந்தது. மாமனாரின் கால்களுக்கு நடுவே பதினொரு ஸ்பூன்களும் கலகலவென்று கொட்டின. கதவு ஸ்பிரிங் கழன்று ஜன்னல் வழியே வெளியே போனது.

"என் ஸ்பூன்" என்றார் மனைவி.

மாமனார் குனிந்து ஒன்றை எடுத்தார். பிறகு கியர்க் கம்பியைப் பிடித்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். அது முழுவட்டம் சுற்றி வந்தது. மாப்பிள்ளை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: இன்ஜின், கியர், ஸ்டீயரிங், பிரேக். திருகாணி என்று பார்த்தால் பழையது அநேகமாக எதுவும் இல்லை. உங்கள் பெண் பயப்படாமல் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றுதான் செய்தேன், வேறு ஒன்றும் இல்லை என்றார்.

மாமனாரின் முகம் சிவந்தது. "நாப்பது வருஷம். என் மாமனாருக்குக் கொடுத்த வாக்கு" என்று சொல்லி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சகலையின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். ஷெட்டிலிருந்து துணிகளை எடுத்துவிடச் சொல்லும் குரலுக்காகக் காத்திருந்தார்.

பின்சீட்டிலிருந்து அத்தையின் கை நீண்டு, மாமனாரின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டது.

"ஸ்பூன் சரிப்படாது மாப்பிள்ளை, உங்க மாமா இன்ஜினை மாத்தினப்ப நாங்களும் முதல்ல ஸ்பூனைத்தான் வச்சோம், எங்கப்பா கண்டுபிடிச்சிருவாரோன்னு பயந்துதான் அப்புறம் பால்பவுடர் டப்பாவுல போல்ட்டைப் போட்டோம்."