முட்டுக்காட்டில் அவிழ்ந்த வேட்டி

போன வருஷம் மே மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிஷம். கடற்காற்று எட்டிப் பார்க்காத புழுக்கம். முட்டுக்காடு படகுத்துறையில் சீட்டு வாங்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபத்து மூன்று பேர். (எண்ணுவது என் வியாதி. கூட்டுறவுத் துறையில் தணிக்கை செய்தே நரைத்தவனுக்கு வேறென்ன வரும்?)

பெண்ணைக் கட்டிக்கொடுத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டாரைப் படகில் ஏற்றி மனம் குளிர வைப்போம் என்பது என் யோசனை. வரிசை நகர்ந்தது. சம்பந்தி அம்மாள் நகரவில்லை. அப்படியே சரிந்து விழுந்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டோம், பதில் இல்லை. மூச்சும் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. செங்கல்பட்டு ஓய்வூதியர் கூட்டத்தில் ஒரு ரப்பர் பொம்மையின் நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு நூற்றுக்குக் குறையாமல் அமுக்கிக் கைதட்டல் வாங்கியவன் நான். ஆனால் அந்தப் பொம்மை எனக்குச் சம்பந்தி இல்லையே! இந்த அம்மாளிடம் நேருக்கு நேர் நின்று பேசியதுகூடக் கிடையாது. அவர் நெஞ்சில் கை வைப்பதா?

கை நீண்டது, மடங்கியது. அவர் கணவரிடம் திரும்பினேன்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது... நான் கொஞ்சம்... நெஞ்ச அமுக்கலாமா?"

அவர் வாய் திறந்தபடி நின்றார். திறந்த வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

"பர்மிஷன் கேக்குற நேரமா இது? அமுக்குங்க!" 108-ஐ அழைத்துக்கொண்டே கத்தினாள் என் மனைவி கமலா.

மண்டியிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று...

கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னா ஆச்சு?"

"ஃபிட்ஸு மாரி கீது. கையில சாவி குடுங்க."

"தொடாத மச்சான், போலீசு கேசாப் பூடும்."

சாவிக்கொத்து வந்தது. சோடா வந்தது. ஆள் மட்டும் வரவில்லை. என் தோள்கள் கழன்றுவிடும் போலிருந்தன. "யாராவது மாத்துங்களேன்!" என்று கெஞ்சினேன். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

இரண்டாவது நூறில் அறுபத்து எட்டு என்று சொல்லும்போது என் வேட்டி அவிழ்ந்தது.

கையை எடுத்தால் மானம் பிழைக்கும், சம்பந்தி அம்மாள் பிழைக்க மாட்டார். அறுபத்து ஒன்பது என்றேன். எழுபது என்பதற்குள் வேட்டி முழங்காலுக்கு வந்துவிட்டது. நீலக்கோடு போட்ட அண்டர்வேருடன், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னிலையில், உரக்க எண்ணிக்கொண்டிருந்தேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் பாய்ந்து வந்தார். "யோவ் பெரீவரே, நீ வேட்டியப் புடி, நான் அமுக்கறேன். எண்றத மட்டும் வுட்டுடாத!" அவர் ஓய்ந்ததும் அன்னாசிப்பழம் விற்கும் அம்மாள், "தள்ளு அண்ணாத்த, கை ஓஞ்சிப் போச்சில்ல" என்று இறங்கினார். பிறகு ஆள் மாற்றி ஆள். ஒரு கையில் வேட்டி முடிச்சோடு நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

எல்லாரையும் தடுத்தது போலீஸ் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு பேர் எதிரில் அசடாகிவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரியது போலும். என்னைவிடப் பெரிய அசடாக இனி எவராலும் ஆக முடியாது என்று தெரிந்ததும் அத்தனை பேருக்கும் துணிச்சல் வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. கருவியை வைத்து நெஞ்சில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். நாடி திரும்பியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சம்பந்தி அம்மாள் முதன்முறையாக என்னிடம் நேரடியாகப் பேசினார். "அண்ணா, ரெண்டு விலா எலும்பு விரிசல் விட்டுப்போச்சாம், பரவால்ல. ஆனா போயும் போயும் இவர்கிட்டயா பர்மிஷன் கேட்டீங்க? காப்பி வேணுமான்னு கேட்டாலே பதில் சொல்லப் பத்து நிமிஷம் ஆவும் இவருக்கு!"

இப்போதும் எங்கள் இரண்டு வீட்டிலும் யார் எதற்குத் தயங்கினாலும், "சம்பந்தியக் கேட்டுட்டு வரட்டுமா?" என்பார்கள்.

அந்தத் தீபாவளிக்கு, உலக வழக்கத்துக்கு மாறாக, மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குச் சீர் வந்தது. தட்டில் பழம், பூ, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி ஒன்று. அவர்கள் ஒன்று வைத்தால் நாங்கள் இரண்டாக வைக்க வேண்டும் என்றாள் கமலா. இரண்டு பட்டுப்புடவை, தள்ளுபடி போக, பதினாலாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்.