கனிவு அட்டை

நோயாளியிடம் கனிவாகப் பேசுவது எப்படி என்பதில் நான் இரண்டு நாள் பயிற்சியும், ஒரு சான்றிதழும், இரண்டு வேளை சாம்பார் சாதமும் பெற்றவள். பெயர் கலைவாணி. செஞ்சியில் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். எனக்கு வேலை வேண்டும்.

பயிற்சி அதிகாரி ராஜாராம் வகுத்த விதி எளிது. நோயாளி சொன்னதையே நல்ல தமிழில் திருப்பிச் சொல்லி, 'புரிந்துகொள்கிறேன்' என்று முடிக்க வேண்டும். வாக்கியங்களை அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் அகப்பட்டவர் முருகையன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பஸ் ஏறப்போய்க் காலை முறித்துக்கொண்டவர். பதினோரு மணிக்கு ஆபரேஷன்.

"சிஸ்டர், நான் பொழைப்பனா?"

"பிழைப்போமா என்று நீங்கள் அஞ்சுவதைப் புரிந்துகொள்கிறேன், ஐயா."

அவர் முகம் வெளுத்தது. "இன்னா சிஸ்டர், ஐயான்றீங்க?"

"ஐயா என்றது உங்களுக்கு வருத்தமளிப்பதைப் புரிந்துகொள்கிறேன்."

"நேத்து வரைக்கும் யோவ்னுதான கூப்டீங்க! எங்க நைனா போனப்பவும் இப்டித்தான் செந்தமிழ்ல ஆரம்பிச்சாங்க. என் கேசு முடிஞ்சிட்டுது. நான் ஊட்டுக்கே போய்ச் சாவறேன்!"

குளுக்கோஸ் பாட்டிலும் கையுமாக ஒற்றைக் காலில் இறங்கிவிட்டார். அட்டையைப் புரட்டினேன். ஓடுகிற நோயாளிக்கு அதில் வாக்கியம் இல்லை.

"யோவ்! அறிவிருக்குதா? கால்ல ஒரு கம்பி வெக்கிறதுக்கு உசுரு போவுமா? போன மாசம் வெச்சவன் மாடு மேச்சினு இருக்கறான். ஏறிப் படுய்யா!"

மனிதர் சிரித்துவிட்டார். "அப்ப பொழைச்சிக்குவேன்" என்று படுத்துக்கொண்டார். பிழைத்தும் விட்டார்.

அதோடு நிற்கவில்லை. பார்வையிட வந்த ராஜாராமிடம், "சிஸ்டர் நல்லாத் திட்டிச்சி சார், அதான் தைரியமா இருந்துது" என்று சாட்சியும் சொன்னார். எனக்கு சஸ்பெண்டுதான் என்று நடுங்கினேன். ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது: ஒவ்வொரு நோயாளியும் நாளொன்றுக்கு மூன்று வேளை, உணவுக்குப் பின், உரிய முறையில் கடிந்துகொள்ளப்பட வேண்டும். பயிற்சியாளர்: கலைவாணி. கொஞ்சமும் வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டேன். வசவுகளை நானே எழுதிக் கொடுத்தேன். அதிகாரி நல்ல தமிழில் திருத்தி அச்சடித்தார்.

போன வாரம் காய்ச்சலில் நானே அதே வார்டில் படுத்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. என்னிடம் பயிற்சி பெற்ற சுவாதி வந்தாள்.

"ரிசல்ட் இன்னாச்சுடி? பயமா இருக்குதுடி."

சுவாதி அட்டையை நிமிர்த்திப் பிடித்தாள். "அறிவிலியே! வீணாக அஞ்சாதீர்! படுப்பீராக!"

செந்தமிழ்! குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினேன். சுவாதி அவசரமாக அட்டையைப் புரட்டினாள்.

ஓடுகிற நோயாளிக்கு வாக்கியம் எழுத நானும் மறந்திருந்தேன்.