தினம் இரண்டு வாளி

நீர்ச் சிக்கன அலுவலகத்தின் பெரிய அதிகாரி, ஊருக்கே முன்மாதிரியாக விளங்க வேண்டும் என்ற உயரிய நோக்கத்தோடு, வாசல் வேலியோரம் பன்னிரண்டு காகிதப்பூச் செடிகளை நடும்படி ஆணை பிறப்பித்தார். அந்த வருஷம் எல்லா அலுவலகங்களிலும் வறட்சி தாங்கும் செடிதான் மோஸ்தர். அதற்கு முந்தின வருஷம் மீன்தொட்டி.

செடிகள் தோட்டக்காரர் பொறுப்பில் விடப்பட்டன. ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்து வரும் மனிதர் அவர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு தலைமை கிளார்க்கின் மேஜையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், ஆடாமல் அசையாமல் இருந்தது.

காகிதப்பூவின் குணம் தோட்டக்காரருக்கு அத்துப்படி. நல்ல வெயிலில் நிறுத்திக் கொஞ்சம் காயப்போட்டால் பூத்துத் தள்ளும். சீராட்டித் தண்ணீர் ஊற்றினால் வெறும் இலையாக விட்டு, கடைசியில் வேர் அழுகிச் சாகும். அதனால் வேர் பிடிக்கும் வரை தண்ணீர் காட்டினார். பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு வாளி. பூ ஓய்ந்ததும் கிளைகளைக் கழித்துவிட்டு, அதில் ஒன்றைத் தன் வீட்டு வாசலில் ஊன்றி வைத்தார்.

அலுவலக விதி வேறு மாதிரி இருந்தது. 'பராமரிப்பிலுள்ள செடி ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு இரண்டு வாளி நீர் ஊற்றப்பட்டு, பதிவேட்டில் கையொப்பமிடப்படல் வேண்டும்.' விதி எழுதியவர் மனதில் இருந்தது செடியா எருமையா என்று தெரியவில்லை. தோட்டக்காரர் யாருக்கும் குறை வைக்கவில்லை. பதிவேடு கேட்ட இரண்டு வாளியைப் பதிவேட்டில் ஊற்றினார். செடி கேட்ட வெயிலைச் செடிக்கு விட்டார். இரு தரப்பும் செழித்தன.

கோடையில் இலை தெரியாமல் பூத்தது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். 'தாகம் வென்ற தோட்டம்' விருதுக்கு அலுவலகத்தின் பெயர் போனது. ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர் கொண்ட அந்தக் குழு செடிப்பக்கம் திரும்பாமல் நேராக உள்ளே வந்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, பதிவேட்டைக் கேட்டது.

"வறட்சி தாங்கும் செடிக்கு தினம் ரெண்டு வாளியா?" என்றார் குழுத் தலைவர். "அப்ப இது என்னத்தைத் தாங்குது?"

பெரிய அதிகாரிக்கு வியர்த்தது. தோட்டக்காரரைக் கூப்பிட்டார்.

"ஊத்தலைங்க சார். அதனாலதான் பூத்திருக்கு."

"கையெழுத்து இருக்கே?" என்றார் குழுத் தலைவர்.

"அது விதிக்காகப் போட்டதுங்க."

தலைமை கிளார்க் அவரை நைசாக வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உனக்கென்ன கிறுக்கா? தண்ணி ஊத்தினது சிக்கனக் குறைவு, ஒரு மெமோவோட போயிடும். ஊத்தாம கையெழுத்துப் போட்டது பொய்ப்பதிவு. வேலையே போயிடும். உன் ஃபைலை இப்பதான் டிபன் பாக்ஸுக்கு மேல எடுத்து வச்சேன்."

"செடி சாட்சி சொல்லுதே சார். பூவைப் பாருங்க."

"பூ கையெழுத்துப் போடுமா?"

ஒன்பது வருஷம் கண்முன் வந்து நின்றது. தோட்டக்காரர் உள்ளே போய், ஊற்றினேன் என்று ஒத்துக்கொண்டார்.

"நல்லது. உண்மையான பதிவேடுதானான்னு சரிபார்க்கணும். ஒரு மாசம், தலைமை கிளார்க் முன்னிலையில், விதிப்படி ஊத்துங்க," என்று உத்தரவு போட்டது குழு.

ஊற்றினார். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி, பன்னிரண்டு செடிக்கும். தலைமை கிளார்க் குடை பிடித்துக்கொண்டு எண்ணினார். முதல் வாரம் பூ உதிர்ந்தது. அடுத்த வாரம் இலை மஞ்சளானது. தன் கையால் வளர்த்ததைத் தன் கையாலேயே மூழ்கடிக்கிறோமே என்று தோட்டக்காரர் வீட்டில் புலம்பினார். "ராத்திரி கொஞ்சம் மண்ணைக் கிளறி விட்டுட்டு வாங்களேன்," என்றாள் மனைவி. ராத்திரி வாட்ச்மேன் உண்டு, அவரிடமும் ஒரு பதிவேடு உண்டு என்றார் இவர். மாதக் கடைசியில் பன்னிரண்டும் அழுகிச் சாய்ந்தன.

செடி இறப்புப் படிவத்தில் காரணத்துக்கு இரண்டே கட்டங்கள் இருந்தன: 'வறட்சி', 'ஆடு மாடு'. தலைமை கிளார்க் சேற்றில் கால் புதைய நின்று நாலா பக்கமும் பார்த்தார். ஆடு எதுவும் தென்படவில்லை. வறட்சியில் டிக் அடித்தார்.

பதிவேட்டின் உண்மைத்தன்மை நிரூபணமானதால், கடமை தவறாத ஊழியர் என்ற பாராட்டுக் குறிப்போடு தோட்டக்காரர் நிரந்தரமாக்கப்பட்டார். செடிகளை நீக்கும் உத்தரவு வராததால் பன்னிரண்டு குழிகளுக்கும் தினம் இரண்டு வாளி ஊற்றிக் கையெழுத்துப் போட்டு வந்தார். இப்போது யாரும் எண்ண வரவில்லை. ஆனாலும் ஒரு வாளி குறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அதிகாரி காரை நிறுத்தி இறங்கினார். தோட்டக்காரர் வீட்டு வாசலில், மாதக் கணக்கில் தண்ணீர் காணாத அந்த ஒற்றைக் கிளை, கூரை ஏறிச் சிவப்பாகப் பூத்துக் குலுங்கியது.

"அடடா! எங்க வீட்டுக்கும் ஒரு கிளை வேணுமே. இதை எப்படிப்பா பார்த்துக்கிறே? தண்ணி எவ்வளவு ஊத்தணும்?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் தோட்டக்காரர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"தினம் ரெண்டு வாளி சார்."

"அதானே பார்த்தேன்!" என்றார் அதிகாரி.

கார் போன பிறகு மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "செத்துப் போயிடுமேங்க?"

"அதுக்குப் படிவம் இருக்கு," என்றார் அவர்.