மாமனார் வீட்டு மாடியில் எத்தனை டிகிரி

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபத்தேழு டிகிரி என்று மாமனார் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மே மாதம், கத்திரி வெயில். சிதம்பரத்தில் அதே நேரம் கதிர்வேலின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அந்த எண்ணை மூன்று தரம் பார்த்தான். ஏசி போட்ட பேங்க்கில் உட்கார்ந்தால்தான் அந்தக் குளிர்ச்சி கிடைக்கும்.

கதிர்வேல் ஆராய்ச்சி மாணவன். மாணவன் என்றால் முப்பத்தைந்து வயது, ஒரு பிள்ளைக்குத் தகப்பன். நகரத்து வெயிலைப் பற்றி உலகத்தில் யார் யார் என்னென்ன எழுதுகிறார்கள் என்று எண்ணுவதுதான் அவன் ஆராய்ச்சி. வெயிலை அளக்க வேண்டியதில்லை. வெயிலை அளந்தவர்களை அளந்தால் போதும். இதற்கும் ஒரு பட்டம் கொடுக்கிறார்களாம்.

ஆறு வருஷத்தில் ஆயிரத்து நானூறு கட்டுரை எண்ணினான். எண்ணியதில் விஷயம் இல்லாமல் இல்லை. எல்லாரும் பெரிய ஊர் வெயிலைத்தான் எழுதுகிறார்கள். அவன் கணக்கில் சென்னைக்கு மட்டும் எண்பத்திரண்டு. கடலூருக்கு ஒன்றுகூட இல்லை, இங்கே வெயிலே அடிக்காதது போல. இன்னொன்றும் கண்டுபிடித்தான். முன்னெல்லாம் ஒரு கட்டுரைக்கு இரண்டு பேர் பெயர் இருந்தது, இப்போது ஏழு பேர். வெயில் ஏறியதைவிட ஆள் ஏறியதுதான் வேகம்.

இதை எழுதி அனுப்பினான். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. வெறும் எண்ணிக்கை போதாது, ஒரு சின்ன ஊரையாவது நீயே அளந்து சேர் என்று பேராசிரியர் பழனிவேல் சொல்லிவிட்டார். செப்டம்பர் முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்படாவிட்டால் அவன் பதிவு ரத்து, ஆறு வருஷமும் தண்ணீரில் எழுதின மாதிரி. டீச்சர் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டுகிற மனைவி இலக்கியா, செப்டம்பர் வரைக்கும் ஒன்றும் கேட்கமாட்டேன், அதற்கப்புறம் கேட்பேன் என்று சொல்லியிருந்தாள்.

கடலூரில் கதிர்வேலுக்குத் தெரிந்த மாடி மாமனார் தங்கராசு வீட்டு மாடி ஒன்றுதான். பக்கவாட்டில் இடுக்கு விட்டுச் செய்த வெள்ளைப் பெட்டி ஒன்று, அதற்குள் வெப்பமானி, இதை அங்கே வைத்துவிட்டு வந்திருந்தான். தானே குறித்துக்கொள்ளும் கருவி வாங்கக் காசில்லை. தினம் இரண்டு மணிக்கு ஒரு ஆள் ஏறிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். தங்கராசு ஆபீஸ் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நோட்டு எழுதுவது பழக்கம்தான் என்று அந்த வேலையை அவரிடமே ஒப்படைத்திருந்தான்.

கதிர்வேல் மறுநாளே பஸ் ஏறினான். மாடியில் பெட்டி இல்லை. படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர்ப் பானை பக்கத்தில், ஈரத் துண்டு போர்த்திக்கொண்டு இருந்தது.

"என்ன மாமா இது?"

"வெல ஜாஸ்தின்னு சொன்னீங்களே மாப்ள. மாப்ள வெச்சிட்டுப் போன சாமானை வெயில்ல போட்டு வெக்க முடியுங்களா?"

கதிர்வேல் பெட்டிப் பக்கம் குனிந்தான். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். வஞ்சிரம் மீன் இலையைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வந்தால் அந்த வீட்டில் வாயைத் திறக்க விடமாட்டார்கள், சாப்பிடுவதற்குத் தவிர. மாமியார் லோகநாயகி பரிமாறுவார், பேசமாட்டார். மாப்பிள்ளைக்கு நேராக நின்று பேசுவது அவர் வழக்கத்தில் இல்லை. எதுவாக இருந்தாலும் மகள் மூலமாகத்தான்.

சாப்பிட்டுவிட்டுக் கதிர்வேல் பெட்டியைத் தானே மாடிக்குத் தூக்கிப் போய்க் கம்பத்தில் கட்டினான். இது வெயில் பட வேண்டிய சாமான் மாமா என்று சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்து வந்த எண் ஐம்பத்தொன்று.

மறுபடியும் பஸ். ஆலப்பாக்கத்தில் பஸ் டயர் வெடித்து ஒரு மணி நேரம் நின்றான். போய்ப் பார்த்தால், வெயில் பட வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னாரே என்று தங்கராசு வெப்பமானியைப் பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத்துத் தகரக் கொட்டகை மேல் மல்லாக்க வைத்திருந்தார்.

கதிர்வேல் பொறுமையாக விளக்கினான். வெப்பமானி மேல் வெயில் நேராகப் படக்கூடாது. ஆனால் பெட்டி வெட்டவெளியில் இருக்க வேண்டும். காற்றின் சூட்டைத்தான் அளக்கிறோம்.

தங்கராசு ஒவ்வொரு விரலாக மடக்கினார். "வெயிலும் படக்கூடாது, நெழல்லயும் இருக்கக்கூடாது. அப்ப நீங்க அளக்குறது வெயிலு இல்லியா மாப்ள?"

கேள்வி நியாயமான கேள்விதான். ஆயிரத்து நானூறு கட்டுரையில் யாரும் இதைக் கேட்கவில்லை. கதிர்வேல் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தான். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று வந்தால் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் செய்த பெரிய தப்பு அதுதான்.

அடுத்த பன்னிரண்டு நாளும் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நடுவில் ஒரு நாள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. அன்றைக்கும் முப்பத்தொன்பது.

கதிர்வேல் போன் போட்டான். குரலை இறக்கித்தான் பேசினான். நான் சொன்னதை எழுத வேண்டாம் மாமா, உள்ளதை எழுதுங்கள் என்றான்.

தங்கராசு, "முப்பது வருசம் ஆபீஸ் சாவி என் இடுப்புல இருந்துது மாப்ள. ஒரு குண்டூசி காணாமப் போனது கெடையாது," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். மாப்பிள்ளை கேட்டதைத்தானே கொடுத்தோம், அதற்குப் பொய்க்காரன் பட்டமா என்று அவருக்கு மனத்தாங்கல். நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

விஷயம் வீட்டில் இலக்கியா காதுக்கும் போனது. எங்கப்பாவைத் திருடன் ஆக்கினதுதான் உங்க ஆராய்ச்சியில இதுவரைக்கும் வந்த முடிவு என்றாள்.

கதிர்வேல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு ஏதாவது டுடோரியலில் சேரலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கடலூரிலிருந்து மகளுக்குப் போன் வந்தது. நோட்டை நான் எடுத்துட்டேன், மாப்ளய கவலைப்பட வேண்டாம்னு சொல்லு என்று லோகநாயகி சொன்னாராம்.

ஜூன் முதல் தேதியிலிருந்து எண்கள் வர ஆரம்பித்தன. அழகான எண்கள். முப்பத்தெட்டு புள்ளி ஆறு, நாற்பது புள்ளி ஒன்று, முப்பத்தேழு புள்ளி மூன்று என்று ஏறி இறங்கின. ஒரு நாள்கூட விடுபடவில்லை. கதிர்வேல் ஒரு தடவை, நேரம் தவறாமல் பார்க்கிறார்களா என்று மனைவியை விட்டுக் கேட்டான். ஒரு நிமிஷம் பிசகுறதில்லன்னு சொல்லு என்று பதில் வந்தது.

அறுபது நாள் எண்களைச் சென்னை எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சென்னை ஏறினால் கடலூர் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. அரை டிகிரிகூட விலகல் இல்லை.

பழனிவேல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சின்ன ஊர் பெரிய ஊரைவிடக் குளிர்ச்சி என்றுதானே இத்தனை நாள் எல்லாரும் எழுதினார்கள், இது புதுசு, உடனே எழுது என்றார். எழுதினான். பழனிவேல் பெயர் முதலில் வந்தது, துறைத் தலைவர் பெயர் இரண்டாவது. பெயர் சொல்லாமல் கட்டுரையைச் சரிபார்த்த ஒரு நிபுணர், ஒரே ஆள் எழுதிய ஆறு கட்டுரைகளை மேற்கோள் காட்டினால் நன்றாக இருக்கும் என்றார். அந்த ஒரே ஆள் யார் என்று கதிர்வேல் கேட்கவில்லை. காட்டினான். துறையில் இன்னும் நான்கு பேர் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டதில் மொத்தம் ஏழு பெயர் ஆனது. தான் எண்ணிக் கண்டுபிடித்த விஷயத்துக்குத் தானே ஒரு உதாரணம் ஆகிவிட்டோம் என்று கொஞ்சம் உறுத்தியது. அதற்குப் பரிகாரமாக எட்டாவதாக ஒரு பெயரை அவனே சேர்த்தான்.

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி கட்டுரை ஏற்கப்பட்டது. ஏற்ற கையோடு இணையத்தில் போட்டதும் வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் கடிதம் போட்டுவிட்டார்கள், கடலூரைத் தங்கள் ஆராய்ச்சியிலும் சேர்த்துக்கொள்ளலாமா என்று.

ஞாயிற்றுக்கிழமை இலக்கியாவோடு மஞ்சக்குப்பம் போனான். தங்கராசு முதலில் முகம் கொடுக்கவில்லை. கடலூர் வெயில் சென்னை வெயிலுக்கு ஒரு துளி குறைவில்லை என்று அச்சில் வருகிறது மாமா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம ஊர மெட்ராஸ்காரங்க எதுலதான் சேத்திருக்காங்க. வெயில்லயாவது சேத்துட்டீங்க மாப்ள," என்று சொல்லி, நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் கையைப் பிடித்தார்.

இலக்கியா போனும் கையுமாக அடுப்படிக்கு ஓடி, கட்டுரையில் எட்டாவதாக இருந்த லோகநாயகி என்ற பெயரை அம்மாவுக்குக் காட்டி, எல்லாம் உன்னாலதாம்மா என்றாள்.

மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே லோகநாயகி மகளிடம் சொன்னார்: "எனக்கு எதுக்குடி பேரு, அந்த வேகாத வெயில்ல மாடிக்கு எவ ஏறுவா, ரெண்டு மணி நியூஸ்ல போடுறதப் பாத்து எழுதிவெச்சேன், கடலூருக்குன்னு எந்த டிவிக்காரன் தனியா போடுறான், மெட்ராஸுக்குத்தான் போடுறான்."