பின் சக்கரத்துக்கு ஒத்தடம்

அன்பு மகனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மரியாதைக்கு இவ்வளவுதான் எழுத முடியும், ஏனென்றால் உட்கார இடமில்லாமல் கட்டில் ஓரத்தில் தொற்றிக்கொண்டு எழுதுகிறேன். கூடத்து நாற்காலி இரண்டிலும் கிரீஸ், சாப்பாட்டு மேஜையில் உங்கப்பாவின் மோட்டார் சைக்கிள் செயின். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நான் போனில் பேசினால் தெருமுனை வரை கேட்கும் என்று சொல்பவனே நீதான், வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கும் உங்கப்பா காதில் விழாமல் போய்விடுமா?

வண்டியை விற்றுவிடலாம் என்று முதலில் உன் காதில் போட்டது நான்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். கொஞ்ச நாளாகவே பாலத்து வளைவில் திரும்பும்போது வண்டி பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடுகிறது. முன்னால் இருப்பவருக்கு என்ன, பின்னால் உட்கார்ந்திருப்பவள் அல்லவா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள்! அவருக்கு வயசாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது, என்றைக்காவது இரண்டு பேரும் ரோட்டில் உருளப் போகிறோம் என்று எனக்கு ஒரே பயம். "வித்துடலாம்ப்பா, தெரிஞ்சவர் ஒருத்தர் கேக்கிறார், ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன்" என்று நீ அவரிடம் சொன்னபோது பெரிய சண்டையை எதிர்பார்த்து அடுப்பை அணைத்துவிட்டே வந்து நின்றேன். மனுஷர் "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டார். குழம்பில் உப்பு குறைந்தால் மூன்று நாள் பேசுகிறவர், முப்பது வருஷ வண்டிக்கு ஒரே ஒரு "சரிப்பா". அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.

மறுநாள் புதுசாக ஒன்று கிளம்பியது. வண்டி ஓடும்போது பின்னாலிருந்து உர்ரென்று ஒரு சத்தம் வருமே, "வாங்கிட்டுப் போறவன் நம்மளைத் திட்டக் கூடாது, அதைச் சரி பண்ணித்தான் குடுக்கணும்" என்று உதிரிபாகக் கடைக்காரரிடம் போயிருக்கிறார். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பின் சக்கரத்துல பேரிங் தேஞ்சிருக்கு சார், மாத்தினா சத்தம் போயிடும், வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றிருக்கிறார். விட்டுவிட்டு வர வேண்டியதுதானே? "வீட்டை விட்டுப் போற வண்டி, கடைசியா ஒரு தடவை நானே செய்றேன்" என்று புதுப் பேரிங் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஆபீசில் காலமெல்லாம் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய கையடா அது! சுத்தியலுக்கும் ஸ்டாம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே குத்தாகக் குத்தியதில் பழைய பேரிங் வந்ததோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

அதோடு விட்டாரா? பேரிங்கைக் குளிர வைத்தால் சுருங்குமாம், சக்கரத்தின் நடுப்பகுதியைச் சூடாக்கினால் விரியுமாம், பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுமாம். பேரிங்கைத் துணியில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தார். சக்கரத்தை நாற்காலியில் கிடத்தி, வெந்நீரில் துணி முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தார். எனக்கு முட்டி வலித்து நான் முனகிய நாளெல்லாம் செய்தித்தாளை விட்டுத் தலை தூக்காதவர், சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "சூடு போதுமா" என்று கேட்காத குறை. நான் கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரு நிலைப்படியில தலைய மடார்னு இடிச்சுக்கிட்டாரு, ஐஸ் இருந்தா குடுங்களேன்!" நானும் பதறிப்போய் ஃப்ரீசரில் கையை விட்டேன், துணியில் சுற்றியது ஜில்லென்று அகப்பட்டது, தூக்கிக் கொடுத்துவிட்டேன். உங்கப்பா ஃப்ரீசரைக் காலி பண்ணிப் போட்டு, "இங்க வச்ச பேரிங் எங்கடி போச்சு" என்று வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறார், அங்கே அந்தப் பாவப்பட்ட மனுஷர் வண்டிப் பேரிங்கை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டு கிடக்கிறார். சாயங்காலம் அவள் மூட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது என்ன சொன்னாள் தெரியுமா? "என்ன இருந்தாலும் உங்க வீட்டு ஐஸ் மாதிரி வராதுக்கா. இவ்வளவு நேரமாச்சு, ஒரு சொட்டு உருகல." பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மகராசி. வாங்கி அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு இரும்புக் குழாய் இருக்க வேண்டுமாம், ஸ்பேசர் என்று பெயராம். எனக்கு யார் சொன்னார்கள்? கழுவி மேஜைமேல் வைத்திருந்தார், சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, அளவாக இருந்ததால் இடுக்கில் செருகிவிட்டேன். அவரும் ஒத்தடம் கொடுத்த அவசரத்தில் குழாயை மறந்து இரண்டு பேரிங்கையும் அடித்து ஏற்றி, வண்டியில் மாட்டி, நட்டை முறுக்கினார். சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது. தள்ளுகிறார், உதைக்கிறார், ம்ஹூம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "முன்ன மாதிரி இல்ல. எனக்கு எதுவுமே ஓடல" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. தண்ணீர் எடுத்து வரலாம் என்று உள்ளே போனேன், ஜன்னல் அடிக்காமல் கம்மென்று இருந்தது. திக்கென்றது. குழாயை உருவிக்கொண்டு வந்து நீட்டினேன். திட்டப் போகிறார் என்று பார்த்தால், குழாயைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், "அப்ப எம் மேல மட்டும் தப்பில்லையா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார். ஏற்றிய பேரிங்கைத் தட்டி எடுத்தால் அது கெட்டுவிடுமாம். திரும்பவும் கடை, திரும்பவும் ஃப்ரீசர், திரும்பவும் ஒத்தடம்.

இப்போது வாசலில் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருக்கிறார். என் துணிக்கொடியில் காய்வதில் பாதி கரித்துணி. அதனால் தம்பி, ஒரே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வண்டியை எடுத்துப் போகச் சொல். அப்பா முகத்தைப் பார்த்து மனசு மாறிவிடாதே. நானும் பார்க்க மாட்டேன். எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளி, கண் விழித்து வேலை பார்க்காதே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் அப்பா கூப்பிட்டார். "கொஞ்சம் பின்னால ஏறி உக்காரேன், பாரம் வச்சு ஓட்டிப் பாக்கணும்." பாரமாம்! திட்டிக்கொண்டேதான் ஏறினேன். உர்ரென்ற சத்தம் இல்லை. பாலத்து வளைவு வந்ததும் வழக்கம்போல் கண்ணை மூடி அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தேன். ஆட்டம் வரும், வரும் என்று பார்க்கிறேன், வரவே இல்லை. கண்ணைத் திறந்தால் வளைவு பின்னால் போய்விட்டது. அவர் ஓரமாக வண்டியை நிறுத்தி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஆடல."

"ஆமா, ஆடல."

"தேஞ்ச பேரிங்தான் ஆட்டியிருக்கு. எங் கைதான் போச்சுன்னு நெனச்சிட்டேன். நீ வேற தெனம் பயந்துக்கிட்டே வந்தியா, அதான் அவன் கேட்டதும் சரின்னுட்டேன்."

நானும் அந்தக் கையைத்தான் நினைத்தேன் என்று எப்படியடா சொல்வேன்? "வண்டிய எடுங்க, வெயில் ஏறுது" என்றேன். வீட்டுக்குத் திரும்பாமல் அந்த வளைவில் இன்னும் இரண்டு தடவை போய் வந்தோம். நான்தான் போகச் சொன்னேன்.

மேலே எழுதியதையெல்லாம் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். வாங்க வருகிறவரிடம் என்ன சொல்வாயோ, அது உன் சாமர்த்தியம். பழைய பேரிங் ஒன்றைத் துணியில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், எதிர்வீட்டு நிலைப்படி இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. இதைத் தபாலில் போட அவர் வண்டியை எடுத்துவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வா. பஸ்ஸை விட்டு இறங்கினால் பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே நில், அப்பா வந்து கூட்டிக்கொண்டு வருவார். வளைவு வரும்போது கண்ணை மூடாதே.