கிழிக்காத காலண்டர்

எங்கள் குடும்பத்தில் ஓர் ஆளுக்குப் புத்தி தடுமாறியது உண்மைதான். ஆனால் அந்த ஆள் ஐசியூவில் படுத்திருந்த என் அப்பா இல்லை. அவருக்குத் துணையிருந்த நான்.

நிமோனியா என்று அப்பாவைத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மூச்சு கொஞ்சம் சீரானதும் நர்ஸ் ஜெபா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உள்ள படுத்திருக்க வயசானவங்களுக்குப் பகல் ராத்திரி தெரியாம புத்தி தடுமாறிரும். டெலிரியம்னு சொல்லுவோம். மாஸ்க்க, டியூப்ப எல்லாம் பிடுங்கிருவாங்க. அது வராம பாக்கணும். அவங்க கண்ணாடி, காது மிஷின், ஒரு காலண்டர் கொண்டாங்க. ஊரும் கிழமையும் கேட்டு ஞாபகப்படுத்துங்க. தெளிவா இருந்தா நாளைக்கு வார்டுக்கு மாத்திரலாம்."

இலஞ்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடி, காது மிஷினோடு, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரையும் கழற்றி வந்து அப்பாவின் கால்மாட்டில் மாட்டினேன். (எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று எனக்கே கண் கலங்கியது.)

மறுநாள் காலை பரீட்சையை ஆரம்பித்தேன்.

"அப்பா, இது எந்த ஊரு?"

"தென்காசி. குத்தாலத்துல தண்ணி விழுதாலே?"

ஊர் சரி. "இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

காலண்டரைப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் திங்கள்.

"இல்லப்பா, திங்கள்."

"வியாழன்லே, மூதி!" மாஸ்க்குக்குள்ளிருந்து உறுமியவர், காலண்டரை நோக்கிக் கையை நீட்டினார். "அதக் கிழிலே! கிழி!" என்று எழும்பவும் பார்த்தார்.

பிடுங்கும் கட்டம் வந்துவிட்டது! அவருடைய இரண்டு கைகளையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், அப்பாவுக்குப் புத்தி தடுமாறிட்டு!" என்று அலறினேன். (எதற்குக் கிழிக்க வேண்டும் என்று முழுசாகச் சொன்னால் என்னவாம்? மூச்சுத் திணறும்போதும் அதிகாரம்தான்!)

டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று வார்டு மாற்றத்தை நிறுத்திவிட்டார்கள். நான் போன் போட்டதும் அப்பாவின் தங்கை, என் அத்தை, சுரண்டையிலிருந்து அழுதுகொண்டே பஸ் ஏறி வந்தார். "எங்க அண்ணனுக்கு என்னைய அடையாளம் தெரியுமாலே?" அப்பா இனி அப்பாவாகத் திரும்பவே மாட்டாரோ என்று நானும் வராந்தாவில் அழுது தீர்த்தேன்.

மதியம் டாக்டர் வந்தார். அப்பாவிடம் கிழமை கேட்டார். "வியாழன்." சற்று யோசித்து என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க?"

"திங்கள், சார்." காலண்டரையும் பெருமையாகக் காட்டினேன்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, உங்க வீட்டுல காலண்டர் கிழிக்கது யாரு?"

அப்பாதான். குளித்து முடித்து, ராசிபலன் படித்துவிட்டு, அவர் கையால்தான் கிழிக்க வேண்டும். வேறு யாராவது தொட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். அவர் படுத்த திங்கட்கிழமையோடு காலண்டரும் நின்றுபோயிருந்தது. மூன்று நாளாக வராந்தா நாற்காலியில் தூங்காமல் கிடந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

"பெரியவர வார்டுக்கு மாத்துங்க," என்றார் டாக்டர். "இவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்த் தூங்க வைங்க."

அப்பா பிழைத்து வந்தார், தெளிவாக இருக்கிறார். அதுவே போதும் எனக்கு. அவருக்குத்தான் போதவில்லை. தினமும் காலையில் கிழித்த தாளை என் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, என் பிள்ளைகள் முன்னாலேயே கேட்பார்: "ஏலே, இன்னைக்கு என்ன கிழமை?"

நேற்று பதில் சொல்ல ஒரு நொடி தயங்கிவிட்டேன். உடனே சுரண்டைக்குப் போன் போட்டார்.

"தங்கச்சி, பயலுக்கு மறுபடியும் வந்துட்டு. பஸ் ஏறு."